மதுரை வீட்டில் மொரிஷியஸ்: இரண்டரை வருட அனுபவம்

மொரிஷியஸ் போக டிக்கெட் வரைக்கும் பார்த்து வைத்திருந்த நேரத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரை விட்டுவிட்டு எங்கே போவது? சரி, நாம் போகாவிட்டால் என்ன, அந்தத் தீவிலிருந்து வீட்டுக்கு எதெல்லாம் வருமோ அதைக் கொண்டுவருவோம் என்று ஆரம்பித்தேன். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. இப்படி ஒரு ஆசை உள்ளவர்களுக்கு, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

360 டிகிரி வீடியோக்கள் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஷமரெலின் ஏழு வண்ண மண், நீலக் கடல், லெ மோர்ன் மலை எல்லாம் பார்த்தேன், அழகுதான். ஆனால் லெ மோர்ன், தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்த நாளை இன்றும் அங்கே நினைவுகூர்கிறார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

சமையல் நிலைத்தது. கட்டோ பீமா என்பது ஏறக்குறைய நம் பருப்பு வடை. ஊறவைத்த பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி சேர்த்துப் பொரிக்கிறார்கள். சூடாக எடுத்து, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து காலையில் சாப்பிடுகிறார்கள். வடையை ரொட்டிக்குள் வைப்பதா என்று அம்மா முகம் சுளித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

பருப்புப் பூரணம் வைத்துத் தேய்க்கும் மெல்லிய ரொட்டியான டால் பூரிதான் படுத்திவிட்டது. தேய்க்கும்போதே பிய்ந்து பூரணம் வெளியே வந்துவிடும். காரணம் பிடிபட மூன்று மாதம் ஆனது: பருப்பைக் குக்கரில் வைக்கக் கூடாது. திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, விரலால் அழுத்தினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. அந்தப் பதத்தில் வடித்து, ஆறவிட்டு, உதிரியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மாவைப் பிசைய அதுதான் வேண்டும். அங்கே டால் பூரியை ஜோடியாகத்தான் விற்கிறார்கள். நடுவில் ரூகாய் என்கிற தக்காளித் தொக்கு. அதற்குத் தைம் இலை அவசியம். ஓமவல்லி போட்டுப் பார்த்தேன், வாசம் வேறு திசைக்குப் போய்விடுகிறது.

செலவழித்த பணத்தில் முழுப் பலன் தந்தது கிரியோல் வகுப்புதான். பிரெஞ்சிலிருந்து கிளைத்த, மொரிஷியஸ் மக்கள் அன்றாடம் பேசும் மொழி அது. தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் ஓர் ஆசிரியை சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வீடியோவில் சொல்லித் தருகிறார். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் தூக்கம் கெடாது. இலக்கணம் பயப்படும்படி இல்லை. 'மோ பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'மோ தி மான்ஸே' என்றால் சாப்பிட்டேன். நடுவில் உள்ள சின்னச் சொல்தான் காலத்தைக் காட்டுகிறது. ஒரே தொல்லை எழுத்துமுறை. பள்ளியில் கிரியோல் பாடமாக வந்ததே 2012-ல்தான். பலர் இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி எழுதுவதால், ஒரே சொல் இரண்டு மூன்று விதமாகக் கண்ணில் படும்.

காய்கறிப் பாடம் நடந்த அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. கொத்தமல்லிக்கு அவர் சொன்ன சொல் 'கோத்தோமிலி'. கறிவேப்பிலை 'கரிபூலே'. பீர்க்கங்காய் 'பிபாங்காய்'. முருங்கைக்கு 'முரூம்'. கரும்புத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் கப்பலேறிய நம் ஆட்கள் கொண்டுபோன சொற்கள். இன்றைக்கு அவை தமிழர்களுடைய சொற்கள் மட்டும் அல்ல. அந்தத் தீவில் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் சொந்தம். அப்புறம் ஆசிரியை பையிலிருந்து மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கேமரா முன் பிடித்தார். தொகை தமிழிலும் அச்சாகியிருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன்.

இசைக்கு வருகிறேன். செகா, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள் உருவாக்கிய பாட்டும் ஆட்டமும். 2014-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆடும்போது பாதம் தரையை விட்டு எழும்பாது, தேய்த்தபடியே நகரும். தாளத்துக்கு ராவான் என்ற பெரிய வட்டப் பறை, வட்ட மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல். இணையத்தில் ஒன்று வாங்கினேன். வந்து சேர்ந்தபோது தோல் கிழிந்திருந்தது; விற்றவர் பணமும் தரவில்லை, பதிலும் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள்.

தோல் கருவி செய்யும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். சட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதையும் காய்ச்சித்தானே அடிப்பாங்க, தம்பி?" என்றார்.

"ஆமாங்கய்யா, தீயில காட்டித்தான் அடிப்பாங்க."

"அப்ப நம்ம சாதிக் கருவிதான். வச்சுட்டுப் போங்க."

பத்து நாளில் புதுத் தோல் ஏறி வந்தது. மொட்டைமாடியில் தென்னை ஓலையைக் கொளுத்திக் காட்டினால் மந்தமாக இருந்த ஓசை மெல்ல மெல்ல ஏறி, ஒரு கட்டத்தில் கணீரென்று திறந்துகொள்ளும். அந்த நொடிக்காகவே இதை வாங்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சத்தம் தெருமுனை வரை போகும்.

இப்போது வகுப்பில் விடுகதை நடக்கிறது. கேட்கிறவர் 'சிராந்தான்?' என்பார், மற்றவர்கள் 'சாம்பெக்!' என்று குரல் கொடுக்க வேண்டும். 'டிலோ டிபூட்?' நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. 'டிலோ பாந்தான்?' தொங்குகிற தண்ணீர் எது? தேங்காய். இரண்டாவதுக்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அம்மா விடை சொல்லிவிட்டார். ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம், நீங்கள் ஒன்று போடுங்கள் என்று அம்மாவைக் கேட்டார். "வெள்ளை ராஜாவுக்குக் கறுப்பு உடை. அது என்ன?" என்றார் அம்மா. எனக்குத் தெரிந்த கிரியோலில் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். உளுந்து என்று நான் வாய் திறக்காதபடி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடை சொல்ல அடுத்த சனிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறார் ஆசிரியை.