ஆப்பிள்கிராஸ்ல ஒரே ஒரு வேளை வெளியில சாப்பிடலாம்னா: ராத்திரி கடல் சாப்பாடா, காலைல ஸ்கோனா?

போன மே மாசம் நானும் அம்மாவும் ஆப்பிள்கிராஸ் போயிட்டு வந்தோம், ரெண்டு ராத்திரி, மூணு பகல். ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில ஸ்கை தீவுக்கு எதிர்ல இருக்கற ஊரு, கரையை ஒட்டி ஒரு வரிசை வீடு, எதிர்ல கடல், அதுக்கு அந்தப் பக்கம் ராசே தீவு, அதுக்கும் பின்னாடி ஸ்கையோட கூலின் மலை, அவ்வளவுதான். அங்க வெளியில சாப்பிடணும்னா பெருசா யோசிக்க ஒண்ணும் இல்ல. ஒண்ணு, கரையோரம் இருக்கற ஆப்பிள்கிராஸ் இன்ங்கற விடுதியில ராத்திரி சாப்பாடு. இல்லன்னா பகல்ல கஃபேல சூப்பும், சின்ன பன்னு மாதிரி இருக்கற ஸ்கோனும். நேரம், காசு, வயிறு மூணும் பார்த்து ஒண்ணுதான் முடியும்னா எதுன்னு கேட்டா, நான் ஸ்கோன் பக்கம்தான். ஏன்னு சொல்றேன்.

முதல்ல ராத்திரி சாப்பாட்டைச் சொல்லிடறேன், அதுல குறைன்னு ஒண்ணும் கிடையாது. இங்க ப்ரான்னு சொன்னா நம்ம எறா இல்ல, லாங்குஸ்டீன், பார்க்க குட்டி சிங்கி எறா மாதிரி நீட்டுக் கொடுக்கோட ஆரஞ்சு கலர்ல இருக்கும். கூடை மாதிரி பொறியைக் கடல்ல இறக்கிப் பிடிக்கறாங்க, அந்தப் பொறிக்கு க்ரீல்னு பேரு, வலைபோட்டு இழுக்கறதில்லைங்கறதால உடம்பு நசுங்காம முழுசா வருது. ஸ்காட்லாந்துல பிடிக்கற லாங்குஸ்டீன்ல நிறைய ஸ்பெயினுக்கும் ஃபிரான்ஸுக்கும் போயிடுது, அதனால கரையிலயே உக்காந்து சாப்பிடறதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கத்தான் செய்யுது. வாலை ரெண்டு விரலால அமுக்கினா ஓடு சட்டுனு விரியும், உள்ள சதை வெள்ளையா இனிப்பா இருக்கும், பூண்டு வெண்ணெய்ல தோய்ச்சு வாயில போட்டா போதும். அம்மா சைவம், அவங்களுக்கு ஒரு காய்கறி டிஷ் கிடைச்சது, நல்லாவே இருந்துச்சுன்னாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து அறுபது பவுண்டு தாண்டிடுச்சு. சாப்பிட்டு வெளிய வந்தா மணி ஒன்பதரை, இன்னும் வெளிச்சம், தண்ணியோரமா மான் ஒண்ணு நின்னு மேஞ்சிட்டிருந்துச்சு. இதெல்லாம் ஒரு ராத்திரி அனுபவம்தான், தினமும் இப்படியேதான் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.

ஸ்கோன் மூணு நாளும் சாப்பிட்டோம், அதனால அதைப் பத்தி இன்னும் தைரியமா பேசுவேன். அங்க இருக்கறவங்க பெரும்பாலும் ஸ்கான்னுதான் சொல்றாங்க, நான் எழுதறப்போ ஸ்கோன்னே வச்சுக்கறேன்.

எல்லாத்தையும் தீர்மானிக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், சுட்ட நேரம். ஸ்கோனுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. மைதா, வெண்ணெய், மோரு இல்லன்னா பாலு, கொஞ்சம் சோடா இல்லன்னா பேக்கிங் பவுடர், அவ்வளவுதான் சரக்கு. குளிர்ந்த வெண்ணெயை மாவுல விரல் நுனியால உதிர்த்து, மோரை ஊத்தி, பிசையாம சும்மா சேர்த்துப் பிடிச்சு, வட்டமா வெட்டி, சூடான ஓவன்ல வச்சா கால் மணி நேரத்துக்குள்ள ரெடி. மோர்ல இருக்கற புளிப்பு சோடாவோட சேர்ந்த உடனே கேஸ் கிளம்பிடும், அதனால மாவைக் கலந்து வச்சுட்டு அப்புறம் சுடலாம்னு தள்ளிப் போட முடியாது. சுட்ட பிறகும் அதே கதைதான், ஆற ஆற உள்ள இருக்கற ஸ்டார்ச் இறுகும், முதல் ஒரு மணி நேரம் மெத்துனு இருந்தது சாயங்காலத்துக்குள்ள வறண்டு தொண்டையில நிக்க ஆரம்பிச்சிடும். இட்லியை எப்போ சாப்பிடணும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்ல, இதுவும் அப்படித்தான்.

இது எனக்குப் புரிஞ்சதே ஒரு மோசமான ஸ்கோனாலதான். ஆப்பிள்கிராஸ்ல இல்ல, வர்ற வழியில வேற ஒரு ஊர்ல சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கடையில ஏறினோம், ஸ்கோன் இருக்குன்னாங்க, மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக் குடுத்தாங்க, கையில வாங்கறப்போ ஆவி பறந்துச்சு, வெண்ணெய் தடவி முடிக்கறதுக்குள்ள ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. அம்மா பாதியை அப்படியே தட்டுல வச்சுட்டு, "இது காலைல பண்ணதுடா, சூடு பண்ணா புதுசாயிடுமா"ன்னாங்க. அதுக்கப்புறம் எங்க போனாலும் நான் முதல்ல கேட்ட கேள்வி இதுதான், இன்னைக்கு எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னு.

ஆப்பிள்கிராஸ்ல மறுநாள் பத்தரைக்கே கஃபேக்குப் போயிட்டோம். உள்ள நுழையறப்பவே வெண்ணெய் வாசனை. கவுன்ட்டர்ல இருந்தவங்க, சுல்தானா, அதாவது உலர்திராட்சை போட்டது இப்ப இருக்கு, சீஸ் போட்டது இன்னும் பத்து நிமிஷத்துல வரும், நிக்கறீங்களான்னு கேட்டாங்க. நின்னோம். வந்தது கத்தியே தேவைப்படாத ஸ்கோன், நடுவுல தானா ஒரு வெடிப்பு இருக்கும், அங்க கட்டைவிரலை வச்சு லேசா திருப்பினா ரெண்டா பிரியுது, உள்ள ஆவி, வெண்ணெய் வச்ச உடனே ஓரம் உருகிக் கீழ இறங்குது, அடியில சீஸ் வழிஞ்சு ஓவன் தட்டுல கருகின ஒரு மொறுமொறு ஓரம் ஒட்டிட்டு வந்திருக்கு பாருங்க, அதுக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டோம். டீயும் சேர்த்து பதினாலு பவுண்டு.

இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கடல் சாப்பாடு படகை நம்பி இருக்கு, காத்து அடிச்சா படகு போகாது, படகு போகலைன்னா நீங்க எதுக்கு வந்தீங்களோ அது அன்னைக்கு போர்டுல இல்லாமப் போகலாம். மாவும் வெண்ணெயும் எந்தக் காத்துலயும் ஊருக்குள்ளதான் இருக்கும். ரொம்ப தூரத்து ஊருங்கறது மீனுக்கும் காய்க்கும் ஒரு கஷ்டம், ஸ்கோனுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, ஏன்னா அதை வேற ஊர்ல சுட்டு வண்டியில கொண்டு வந்தா பிரயோஜனமே இல்ல, அங்கயே சுட்டாதான் உண்டு. எனக்கு இந்த ஊருக்குன்னு இருக்கற சாப்பாடா அதான் தோணுச்சு.

அப்புறம் ரோடு. லாக்கேரன் பக்கத்துலேர்ந்து வர்றவங்க பேலக் நா பா கணவாய் ஏறி இறங்கணும், 626 மீட்டர் உயரம், ஒரே வண்டி போற அகலம், கொண்டை ஊசி வளைவு, சில இடத்துல அஞ்சு மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏறற ஏத்தம். ஆரம்பத்துலயே பெரிய போர்டு வச்சிருக்காங்க, ஓட்டப் பழகறவங்களும் பெரிய வண்டிக்காரங்களும் கேரவன்காரங்களும் வேண்டாம்னு. பகல்ல அது கண்ணுக்கு விருந்து, ராத்திரி சாப்பிட்டுட்டு மான் குறுக்க வர்ற இருட்டுல அதைத் தாண்டறது எனக்கு சரிப்படாது. சாப்பாட்டோட ஒரு பியர் குடிக்கலாம்னு நினைச்சா, ஸ்காட்லாந்துல 2014லேர்ந்து வண்டி ஓட்டறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் அளவு, இங்கிலாந்துல 80, அதே கணக்குல வந்துடாதீங்க. ஊருக்குள்ளயே ரூம் போட்டவங்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அவங்க தாராளமா ராத்திரி சாப்பாட்டுக்குப் போகலாம். ஷீல்டெய்க் வழியா கரையோர ரோடு ஒண்ணு இருக்கு, 1970கள்ல போட்டது, சுத்து ஆனாலும் அவ்வளவு ஏத்தம் இல்லாதது, நாங்க திரும்பினது அதுலதான்.

எந்த ஸ்கோன்னு கேட்டா என் வரிசை சீஸ், சாதா, அப்புறம்தான் பழம் போட்டது. அம்மாவுக்கு சாதாதான் முதல், ராஸ்ப்பெரி ஜாமோட. க்ளாட்டட் க்ரீம்ங்கற கெட்டி க்ரீம் இங்கிலாந்துல டெவன், கார்ன்வால் பக்கத்துப் பழக்கம், இங்கயும் சில இடத்துல கேட்டா குடுப்பாங்க, ஆனா நல்ல வெண்ணெய் இருக்கறப்போ எனக்கு அது தேவைப்படலை. தோசைக்கல் மாதிரி கேர்டில்ல சுடற தட்டையான ஸ்கோனும் ஸ்காட்லாந்துல உண்டு, அது எனக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைச்சது, பாக்கெட்ல வாங்கினது, அதை வச்சு நல்லது கெட்டது சொல்றது நியாயமில்ல.

சைவக்காரங்களோட போறவங்க ரெண்டு விஷயம் கேட்டுக்குங்க. மாவுல முட்டை இல்லாட்டியும் மேல பளபளப்புக்கு முட்டை தடவறவங்க உண்டு, பாலு தடவினதான்னு கேளுங்க. சூப்பு பருப்பு சூப்புன்னு இருந்தாலும் பழைய ஸ்காட்லாந்து முறையில பன்றி எலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க, அதையும் கேளுங்க. நாங்க கேட்டப்போ யாரும் முகம் சுளிக்கலை, ஒருத்தங்க உள்ள போய் சமைக்கறவங்களையே கூட்டிட்டு வந்தாங்க.

நாங்க போனது மே, கொசு மாதிரி கடிக்கற மிட்ஜும் இன்னும் பெருசா கிளம்பலை, கூட்டமும் கம்மி. ஜூலை ஆகஸ்ட் கூட்டத்துல பத்தரைக்குப் போனாலும் சீஸ் ஸ்கோன் மிஞ்சுமான்னு எனக்குத் தெரியாது. அக்டோபர் தாண்டிப் போறவங்க எது திறந்திருக்குன்னு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க, இந்த மலைப் பகுதியில, அதாவது ஹைலண்ட்ஸ்ல, நிறைய கஃபே குளிர்காலத்துல மூடிடுவாங்க. போன் போடறப்போ எத்தனை மணிக்கு ஓவன்லேர்ந்து எடுப்பீங்கன்னும் சேர்த்துக் கேட்டுடுங்க.