போலோ ஜிடி டிஎஸ்ஐ: பிரேக் மேம்பாட்டில் ஆறு ஆண்டு அனுபவம்

திருவொற்றியூரில் வீடு, மாதவரத்தில் அலுவலகம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் என்று மூன்று இடங்களுக்கு நடுவில்தான் என் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஓடிக்கொண்டிருக்கிறது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், தானாகக் கியர் மாறும் ஏழு கியர் டிஎஸ்ஜி, முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக் என்ற அமைப்பில் எஞ்சினையோ சஸ்பென்ஷனையோ நான் தொட்டதில்லை. பிரேக்கில் மட்டும் 2019இல் தொடங்கி இன்றுவரை ஒவ்வொன்றாகச் சில மாற்றங்களைச் செய்து, அவற்றோடு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, எதை வாங்காமல் விட்டது சரியாக இருந்தது என்பதை, இதே வகைக் காரை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2019 தொடக்கத்தில், 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது, நேர்பாதையின் முடிவில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பஞ்சை மிதித்ததுபோல உள்ளே இறங்கியது. காலை எடுத்து மறுபடி மிதித்தபோது பாதி பிடித்தது, மூன்றாவது மிதியில்தான் வேகம் குறைந்தது. கார் தடத்தைவிட்டு விலகிப் புல்லில் இறங்கி நின்றது; யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நொடி என் கால் உணர்ந்த வெறுமையை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிரவே நான்கு பிஸ்டன் காலிப்பரும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பெரிய டிஸ்க்கும் கொண்ட முழுத் தொகுப்பு ஒன்றின் விலையை விசாரித்தேன். பொருத்தும் கூலியோடு ஒன்றரை லட்சம் ரூபாயை நெருங்கியது. கடன் வாங்கியாவது போட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் மறுநாள் மூலக்கடையில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் ஜி.என்.டி. சாலையில் ஓடும் லாரிகளில் வேலை கற்று, பிறகு கார்களுக்கு வந்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பெடல் உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னு வண்டி நிக்காம போச்சா? அத மொதல்ல சொல்லு." இந்த ஒரு கேள்விதான் எனக்கு ஒன்றரை லட்சத்தை மிச்சப்படுத்தியது. பிரேக் மேம்பாடு பற்றி யோசிக்கும் எவரும் எதையும் வாங்குவதற்கு முன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெடல் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கின் மேல் அழுந்தி உராயும் பேடின் கலவை தாங்கக்கூடிய வெப்பத்தைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சாக உள்ளே போனால், காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று பொருள். திரவம் அழுத்தத்தில் சுருங்காது, ஆவி சுருங்கும். நம் கால் கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்ட நிலையில் அது 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிற்கும் என் காரில் அப்போது இருந்த ஆயில் மூன்றரை ஆண்டுப் பழையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை மாற்றாமல் விட்டவன் நான்தான். காரின் பிரேக்கைக் குறை சொல்ல எனக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

வெப்பத்தின் அளவை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். என்னையும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 150 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது ஏறத்தாழ 745 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் முக்கால் பங்கு முன்சக்கரங்களில் விழுகிறது என்றும், ஒரு முன் டிஸ்க்கின் எடை 5 கிலோ என்றும் கொண்டால், அந்த ஒரே மிதியில் டிஸ்க்கின் வெப்பநிலை சுமார் 120 டிகிரி உயரும். அது முழுதாக ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், ஐந்து சுற்றில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், என் பழைய ஆயில் ஐந்தாவது சுற்றுவரை தாங்கியதே பெரிது என்று தோன்றுகிறது.

பெரிய தொகுப்பை ஏன் வாங்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் காரில் எந்த வேகத்தில் முழு விசையோடு மிதித்தாலும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அதாவது, டயரும் சாலையும் தாங்கக்கூடிய எல்லையைத் தயாரிப்பிலேயே வந்த பிரேக் எட்டிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டாலும் ஒரு தனி மிதியில் நிற்கும் தூரம் குறையாது. அதைக் குறைப்பது நல்ல டயர் ஒன்றே. பெரிய டிஸ்க் தருவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவை மட்டும்தான். மீண்டும் மீண்டும் முழு வேகத்தில் இருபது சுற்று ஓடுபவருக்கு அது கட்டாயம் தேவைப்படலாம். ஐந்து சுற்று ஓடிவிட்டு ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு உள்ளே வரும் என்னைப் போன்றவருக்கு அது தேவையில்லை. இவை தவிர, காலிப்பரில் பிஸ்டன் பரப்பு கூடினால் பெடலின் விசையை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டிய ஆயிலின் அளவும் கூடிப் பெடல் நீளமாக இறங்கும். முன்பக்கத்தை மட்டும் வலுவாக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் தயாரிப்பாளர் அளந்து வைத்த பங்கீடு மாறும். என் 15 அங்குல அலாய் சக்கரத்துக்குள் அந்தக் காலிப்பர் அடங்காது என்பதால் சக்கரமும் டயரும் மாற்ற வேண்டிவரும். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் காப்பீட்டில் எழக்கூடிய சிக்கலையும் நான் ஒதுக்கிவிடத் தயாராக இல்லை.

எனவே முதல் வேலை ஆயில். பழையதை முழுக்க இறக்கிவிட்டு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்ற ஆயிலை ஊற்றி, குழாய்களில் இருக்கும் காற்று வெளியேற நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். அதன் கொதிநிலை, புதிய நிலையில், 312 டிகிரி. மூன்று மாதம் கழித்து அதே தடத்தில், அதே பேடும் டிஸ்க்கும் இருக்க, ஐந்து சுற்றும் பெடல் ஒரே உயரத்தில் நின்றது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்த இந்த வேலைக்கு ஈடான மாற்றத்தை அதற்குப் பிறகு நான் எதிலும் காணவில்லை. இதை ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் மாற்றுகிறேன்.

பேடில்தான் நான் தவறினேன். ஆயில் நன்றாக இருந்ததால் வேகம் கூடியது, வேகம் கூடியதால் ஐந்தாவது சுற்றில் இப்போது பெடல் கெட்டியாக இருந்தும் பிடிப்பு தளர்வது தெரிந்தது. அண்ணன் சொன்ன இரண்டாவது வகை இதுதான் என்று புரிந்துகொண்டு, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட பேடு ஒன்றை அவரைக் கேட்காமலேயே வரவழைத்துப் பொருத்தினேன். தடத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு காலை, விடாமல் பெய்த மழையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வீட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டேன், முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லர் நின்றது. ஐம்பதுக்கும் குறைவான வேகம், போதுமான இடைவெளி. மிதித்தேன், பெடல் கெட்டியாக இருந்தது, ஆனால் நனைந்து குளிர்ந்திருந்த அந்தப் பேடு டிஸ்க்கின் மேல் வழுக்கிக்கொண்டே போனது. டிரெய்லரின் பின்சட்டத்துக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் இரண்டு அடி இருக்கையில் கார் நின்றது. பக்கத்து இருக்கையில் அம்மா இருந்தார்.

பந்தயப் பேடுகளின் கலவை சில நூறு டிகிரி வெப்பத்தில்தான் முழு உராய்வைத் தரும். நம் அன்றாடப் பயணத்தில், காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு போகும் சாலையில், நெரிசலில் இருபதிலும் முப்பதிலும் ஊர்ந்து போகையில், அந்த வெப்பம் ஒருநாளும் வராது. தடத்தின் கடைசிச் சுற்றை மட்டும் மனத்தில் வைத்துப் பேடு தேர்ந்தெடுத்த நான், காலையில் வீட்டு வாசலைத் தாண்டியதும் மிதிக்கும் முதல் மிதியை மறந்திருந்தேன். அப்பா எண்ணூர் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்தவர். அவர் என்னைத் திட்டவில்லை. "லோடு இல்லாத லாரியும் மழையில நிக்கணும்டா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே அந்தப் பேடைக் கழற்றிவிட்டு, வீதிக்கும் தடத்துக்கும் இடைப்பட்ட வகையைச் சேர்ந்த ஒன்றைப் புதிய டிஸ்க்குகளோடு பொருத்தினேன். தயாரிப்பின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு: ஒரே நிறுவனம் நான்கைந்து கலவைகளை விற்கிறது, பெயரைப் பார்த்து வாங்கினால் நான் செய்த தவறையே செய்ய நேரும். பல பேடுகளின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும் ஈரெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். முதல் எழுத்து வழக்கமான வெப்பத்தில் கிடைக்கும் உராய்வையும், இரண்டாவது மிகுந்த வெப்பத்தில் கிடைப்பதையும் காட்டும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45வரை, ஜி என்றால் அதற்கும் மேல் 0.55வரை. குளிர்ந்த நிலையில் எப்படி என்பதை அந்தக் குறியீடு சொல்லாது என்பதால், அதைத் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். பாடியில் 1962 முதல் பிரேக்ஸ் இந்தியாவும், அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலையும் இருக்கும் ஊர் இது. பேடு, லைனிங் பற்றி விவரமாகப் பேசத் தெரிந்த ஆட்கள் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், கேட்டால் போதும்.

புதிய பேடையும் டிஸ்க்கையும் பழக்கும் வேலையை ஞாயிறு விடியற்காலையில், வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர்ப் பக்கம், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் செய்தேன். எண்பதிலிருந்து இருபதுக்குச் சீராக இறக்குவது, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது என்று பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமலே பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றால் அந்த ஓரிடத்தில் மட்டும் பேடின் பொருள் படிந்து, பிறகு ஸ்டியரிங்கில் நடுக்கம் தரும். இந்தப் பேடு காலைக் குளிரில் சற்றுக் கிறீச்சிடுகிறது, அலாய் சக்கரத்தில் கருந்தூள் படிகிறது. மழையில் முதல் மிதியிலேயே பிடிக்கிறது என்பதற்காக இரண்டையும் பொறுத்துக்கொள்கிறேன்.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் ஹோஸ்களையும் போட்டேன். பெடல் உணர்வு சற்றுத் தெளிவானது. நிற்கும் தூரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ரப்பர் ஹோஸ் நல்ல நிலையில் இருப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

உப்புக் காற்றைப் பற்றித்தான் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் நின்ற டிஸ்க்கின் மேல் படியும் செந்துரு முதல் சில மிதியில் போய்விடும், அது ஒன்றுமில்லை. காலிப்பர் நகரும் சிலைடு பின்கள் இறுகிக்கொள்வதுதான் தொல்லை. 2021இல் இடப்பக்கப் பேடின் உட்புறம் மட்டும் பாதி தேய்ந்திருந்ததைக் கண்டபோது, கீழ்ப் பின் அசையாமல் நின்றிருந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பின்களையும் கழற்றித் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் பூசுகிறோம். சாதாரணக் கிரீஸைப் பூசக் கூடாது, அது பிரேக்கின் ரப்பர் உறைகளை ஊதிப் போகச் செய்துவிடும். பின்சக்கர டிரம்மையும் அதே நாளில் திறந்து தூளைத் துடைத்து, டிரம்மின் உட்புறத்தில் உராயும் ஷூவின் இடைவெளியைச் சரிபார்ப்போம். இதைச் செய்த அன்று பெடல் சற்று மேலே ஏறி நிற்பது காலுக்கே தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து குடியிருப்புகளுக்குள் வந்தது. என் கார் இரண்டு நாள் பாதிச் சக்கரம்வரை அந்த நீரில் நின்றது. நீர் வடிந்ததும் டிஸ்க்கில் கறுப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது. கிளீனர் தெளித்துத் துடைத்தால் பேடு தேறிவிடும் என்று நினைத்தேன், அண்ணன் மறுத்துவிட்டார். இரும்பு டிஸ்க்கைக் கழுவலாம், ஆனால் பேடும் ஷூவும் நுண்துளைகள் உடையவை, உள்ளே போன எண்ணெய் சூடேறும்போதெல்லாம் மேலே கசியும் என்றார். நான்கு பேடையும் நான்கு ஷூவையும் தூக்கிப் போட்டோம், டிரம்மைக் கழுவினோம், ஆயிலையும் அன்றே மாற்றினோம். அந்த மாதம் எங்கள் பகுதியில் வெள்ளத்தில் நின்ற எத்தனை இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் பழைய ஷூவோடே திரும்பச் சாலைக்கு வந்தன என்பதை நினைக்கையில் இன்றும் கலக்கமாக இருக்கிறது. வேறு வழி இல்லாதவர்களுடைய வண்டிகள் அவை.

சென்ற மாதம் டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்தோம். புதிதாக இருந்தபோது 22 மில்லிமீட்டர், மாற்றியாக வேண்டிய எல்லை 19; இப்போது 19.6இல் நிற்கிறது. ஜனவரியில் மீண்டும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக எண்ணியிருப்பதால் அதற்கு முன் இரண்டையும் மாற்றிவிட முடிவு செய்தேன். துளையிட்டது, கீறல் போட்டது, அளவில் பெரியது என்று பலவற்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அதே அளவில், துளையோ கீறலோ இல்லாத சாதாரண டிஸ்க் ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் புதிய ஆயிலோடு சேர்த்துப் பொருத்த வேண்டும்.