காரைக்குடி வெயிலில் ஒரு பிட்எக்ஸ்: ஐந்து கோடைக்குப் பிறகு

ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) சர்க்யூட்டைத் தழுவி, 40 மீட்டர் அலைவரிசைக்கு மட்டும் கையால் கட்டிய ரிக் (பேசவும் கேட்கவுமான ரேடியோ) இது. எல்எஸ்பி (கீழ்ப்பக்கப் பட்டையில் குரல் அனுப்பும் முறை), 5 வாட், ஃபைனலில், அதாவது ஆன்டெனாவுக்குச் சக்தி தரும் கடைசிப் படியில், ஒரே ஒரு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். காரைக்குடியில் ஐந்து கோடை ஓடிவிட்டது. இந்தப் பக்கம் ரிக் கட்டுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: மார்கழியில் டியூன் செய்ததை நம்பாதீர்கள். சித்திரை மாதப் பிற்பகலில் மொட்டை மாடி அறையில் ஒழுங்காக நின்றால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் குளிர்ச்சியாக வைத்திருக்கும் இரண்டாங்கட்டில் இதே ரிக் எந்தக் குறையையும் காட்டாது.

அதிகம் படுத்துவது ஃபைனலின் பயஸ், அதாவது குரல் இல்லாதபோதும் அதில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் கேட் வோல்டேஜ். மைக்கைக் கழற்றி, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (சக்தியை விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டி, டிரெயின் சப்ளையில் அம்மீட்டரைத் தொடராக வைத்து, பிரீசெட்டை (பயஸைத் திருத்தும் சிறு திருகு ரெசிஸ்டர்) முழுக்கக் குறைத்துவிட்டு பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்த வேண்டும். பிறகு மெல்லத் திருப்பி 100 மில்லியாம்பியரில் நிறுத்துவது வழக்கம். காலை நேரத்தில் இப்படி வைத்தால், பத்து நிமிடம் பேசியதும் மீட்டர் தானாக ஏறும். இந்த மின்னோட்ட அளவில் மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக, அதே கேட் வோல்டேஜுக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடினால் இன்னும் சூடு. பயஸ் ரெசிஸ்டரின் தரைப்பக்கத்தில் இரண்டு 1என்4148 டயோடுகளைத் தொடராகப் போட்டு, அவற்றை ஹீட் சிங்க்கோடு ஒட்டி வையுங்கள். ஹீட் சிங்க் சூடாகும்போது டயோடின் வோல்டேஜ் இறங்கும், கேட்டும் கூடவே இறங்கும். ஒரு டயோடு போதவில்லை. பிரீசெட் பத்துச் சுற்று வகையாக இருக்கட்டும். ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகு டிரெயினோடு சேர்ந்தது; இடையில் மின்காப்புக்கு மைக்காத் தகடு இல்லாமல் சேஸியில் முடுக்கினால் சப்ளை நேராக ஷார்ட் ஆகும்.

மிக்சருக்கு (இரண்டு அதிர்வெண்களைக் கலக்கும் பகுதி) டயோடு பொறுக்குவதிலும் சூட்டைக் கவனிக்க வேண்டும். ஐம்பது 1என்4148 வாங்கி, மல்டிமீட்டரின் டயோடு ரேஞ்சில் அளந்து, 5 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் நான்கை எடுங்கள். விரலால் பிடித்துக்கொண்டே அளக்கக் கூடாது. சிலிக்கான் டயோடு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். விரல் சூடே கணக்கைக் கெடுத்துவிடும். கிளிப்பில் மாட்டி, ஃபேனை நிறுத்தி, எண் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசீவர் செவிடாக இருந்தால் முதலில் மிக்சர் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். மூன்று கம்பியை முறுக்கி ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றும் இடம் அது. ஒரு கம்பியின் தொடக்கமும் அடுத்த கம்பியின் முடிவும் சேர்ந்துதான் நடு டேப். இரண்டு தொடக்கத்தைச் சேர்த்துவிட்டால் பேண்ட் இரைச்சல் மங்கலாகக் கேட்கும், குரல் வராது. எனாமல் சரியாகச் சுரண்டப்படாமல் ஈயம் மேலே மட்டும் பளபளப்பாக உட்கார்ந்திருப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கன்டினியூட்டி பார்த்தால்தான் தெரியும்.

ஃபில்டர் கிரிஸ்டல்கள் 12 மெகாஹெர்ட்ஸ். விஎஃப்ஓ (டியூன் செய்ய அதிர்வெண்ணை மாற்றும் ஆஸிலேட்டர்) 4.8 முதல் 5.0 வரை ஓடினால், கழித்து வருவது நமக்கு அனுமதியுள்ள 7.0–7.2. காயில் விஎஃப்ஓவை விரும்புகிறவர்கள் உண்டு. அதன் அமைதி அழகுதான். ஆனாலும் இந்த வெயிலில் அது நிற்காது. எஸ்ஐ5351 என்ற டிஜிட்டல் ஆஸிலேட்டர் சிப்பைப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் முடிவு. பிஎஃப்ஓ (குரலை மீட்டெடுக்கும் ஆஸிலேட்டர்) கிரிஸ்டலோடு சேரும் கண்டன்சர்கள் மட்டும் சூட்டில் மதிப்பு மாறாத என்பி0 வகையாக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் போட்டால் மதியம் குரல் தகரம் மாதிரி ஆகும்.

தேவையற்ற உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். மஞ்சள் நிற டி37-6 வளையங்கள் மூன்று: ஓரத்து இரண்டில் 21 சுற்று, நடுவில் 24 சுற்று, 0.4 மில்லிமீட்டர் கம்பி. கண்டன்சர்கள் 270, 680, 680, 270 பிகோஃபாராடு. டம்மி லோடுக்கு 1 கிலோ ஓம், அரை வாட் கார்பன் ரெசிஸ்டர் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம். அதன் மேல் 22 வோல்ட் பீக் தெரிந்தால் 5 வாட் வருகிறது.

ஆன்டெனாவுக்கு ஒரு கைக்கு 10 மீட்டர் வெட்டி, வெட்டித் திருத்தி, தலைகீழ் வி வடிவில் கட்டலாம். மொட்டை மாடியில் நடுக்கம்பம், இரு நுனிகளும் முகப்புப் பக்கமும் பின்கட்டுப் பக்கமுமாக இறங்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில் இடம் தாராளம். பகலில் மதுரை, திருச்சி, சென்னை என்று பேச இந்தத் தாழ்ந்த உயரமே நல்லது. அலை மேலே ஏறித் திரும்பும். பேசும்போது மைக்கில் ஊளை கேட்டால் ஆர்எஃப் (நாம் அனுப்பும் ரேடியோ அலை) உள்ளே திரும்புகிறது. மைக் ஜாக்கில் 0.01 மைக்ரோஃபாராடு போட்டு, ஆன்டெனா நடுவில் கோஆக்ஸ் கேபிளைப் பத்து, பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். இரைச்சல் சிக்னல் அளவுகோலில் எஸ்7-க்கு மேல் நின்றால், ரிக்கை 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில் ஓட்டிக்கொண்டே இன்வெர்ட்டரையும் வீட்டு மெயினையும் அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மலிவு எல்இடி பல்புதான் குற்றவாளி.

மழைக்காலத்துக்கு வேறு நோய். ஐப்பசி ஈரத்தில், அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இடையே மாற்றும் ரிலேயின் காண்டாக்ட் கறுத்து, ரிசீவ் திடீரென மங்கும். பிடிடியை இரண்டு தட்டுத் தட்டினால் திரும்ப வரும். அந்தத் தட்டலை நம்பி ஓட்டாமல், மூடிய சீல் ரிலேயாக மாற்றிவிடுங்கள். இடி கேட்டதும் கோஆக்ஸைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.