விசைப்படகில் நான்கு அங்குலப் புகைக்குழாய்: சில பருவங்கள் ஓட்டிய அனுபவம்

நாகப்பட்டினத்திலிருந்து இழுவை மடிக்குச் செல்லும் எங்கள் விசைப்படகில் இருப்பது டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத, ஆறு சிலிண்டர் கொண்ட, ஆறரை லிட்டர் டீசல் எஞ்சின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியிருந்தபோது, மூன்று அங்குலப் புகைக்குழாயையும் உள்ளே கரி அடைந்துபோன சைலன்சரையும் கழற்றிவிட்டு, நான்கு அங்குலக் குழாயையும் அதற்கேற்ற பெரிய சைலன்சரையும் பொருத்தினோம். அதன்பின் சில பருவங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டதால், குதிரைத்திறன் கூடும் என்று எண்ணிச் செலவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே அளவு புகை ஓடும்போது குழாயில் உண்டாகும் எதிரழுத்தம், அதாவது புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம், ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால், மூன்றிலிருந்து நான்கு அங்குலத்துக்கு மாறினாலே அது கால் பங்காகிவிடும். எல்லா சிலிண்டர்களின் புகையும் வந்து சேரும் மேனிஃபோல்டை அடுத்துத் துளையிட்டு, ஒரு முழம் செம்புக் குழாயும் அதன் முனையில் தண்ணீர் நிரப்பி வளைத்த பிளாஸ்டிக் குழாயும் இணைத்துப் பார்த்ததில், முழு வேகத்தில் எழுபது சென்டிமீட்டரை ஒட்டி நின்ற, எதிரழுத்தத்தைக் காட்டும் நீர்மட்ட வேறுபாடு இருபதுக்குக் கீழே இறங்கியது. செங்குத்து முழங்கைகளை நீக்கி நீண்ட வளைவுகள் வைத்ததற்கும் இதில் நல்ல பங்குண்டு.

ஆனால் அழுத்தம் இவ்வளவு குறைந்தும் வேகம் கூடியதாகச் சொல்ல முடியவில்லை. டீசல் எஞ்சினின் திறனை முடிவு செய்வது பம்ப் தரும் எண்ணெயும் அதை எரிக்கக் கிடைக்கும் காற்றுமே. குழாய் திருப்பித் தருவது, புகையை வெளியே தள்ளுவதில் வீணாகிக்கொண்டிருந்த ஓரிரு சதவீதத்தைத்தான். புரொப்பல்லருக்குத் தேவைப்படும் திறன் சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், அந்த ஓரிரு சதவீதம் வேகத்தில் அரை சதவீத அளவுக்கே தெரியும். ஜிபிஎஸ்ஸில் அதை நீரோட்டமே விழுங்கிவிடுகிறது. டூ ஸ்ட்ரோக் பைக்கில் சைலன்சர் மாற்றியதும் வண்டி சீறிப் பாய்ந்ததைப் பார்த்த இளைஞர்கள் இங்கும் அதை எதிர்பார்க்கிறார்கள். அந்த எஞ்சினில் குழாயிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வால்வு உள்ள நமது டீசலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

உண்மையான பயன் மடி இழுக்கும்போது கிடைத்தது. சுமை ஏறியதும் எழும் கரும்புகை கண்கூடாகக் குறைந்தது. புகையின் வெப்பமும் முன்னைவிடத் தணிந்திருக்கிறது. டீசல் மிச்சமாகிறதா என்று கேட்பவர்களிடம், கடலும் காற்றும் நாளுக்கு நாள் மாறுவதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே கூறுகிறேன்.

தொல்லைகளும் உண்டு. பெரிய குழாயின் எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கினால் அது விரிசல் விடும். ஆகவே குழாயை மேல்தளச் சட்டத்தில் தாங்க வைத்து, எஞ்சின் அதிர்வை ஏற்க இடையில் பெல்லோஸ் எனும் வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய் போட வேண்டும். சாதாரண இரும்புக் குழாயை உப்புக்காற்று முதலில் வெல்டிங் ஓரங்களில்தான் தின்கிறது. வெப்பம் தடுக்கக் குழாயைச் சுற்றக் கண்ணாடி இழைக் கயிறு போதும். அஸ்பெஸ்டாஸ் கயிறு நுரையீரலுக்குக் கேடு. இரைச்சலும் சற்றுக் கூடியது. சைலன்சரே வேண்டாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இரவும் பகலும் எஞ்சினுக்கு அருகிலேயே படுத்து எழுபவர்களின் காது அதைத் தாங்காது.

கரி அடையாத மூன்றரை அங்குலக் குழாய் ஏற்கெனவே இருக்கும் படகுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பணத்தில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சோதித்து, புரொப்பல்லரின் பிட்ச் (இலைகளின் சாய்வளவு) எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மேல்.