பசும்பால் சேராத பிள்ளைக்கு எது கைகொடுக்கும்: ஆட்டுப்பாலா, பாதாம் பாலா, கேழ்வரகா?

பிள்ளைக்குப் பசும்பால் அலர்ஜி என்று தெரிந்ததும் நம் வேலூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் முதலில் சொல்வது ஆட்டுப்பால்தான், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் சொல்லி வைத்தால் கறந்தும் தருவார்கள். தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள். பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, ஏனென்றால் இரண்டிலும் உள்ள புரதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். எருமைப்பாலும் வேண்டாம்.

அடுத்தது பாதாம் பால். பேக்கரியில் பாட்டிலில் விற்பது பசும்பாலில் பாதாம் பொடி கலந்தது, அதைத் தொடவே கூடாது. பாலே சேர்க்காமல் பாதாமை அரைத்து எடுக்கும் பாலிலும் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம் தேறுவது கஷ்டம், பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, குழம்பில் சேர்க்கலாம், ஆனால் புரதமும் கால்சியமும் குறைவு. டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதில் பசும்பாலுக்கு ஈடாக நிற்பது சோயா பால் மட்டுமே, அதுவும் சர்க்கரை இல்லாமல், கால்சியமும் பி12-உம் சேர்த்தது என்று அட்டையில் போட்டிருந்தால்தான். சில பிள்ளைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என் ஓட்டு தட்டுக்குத்தான், அதிலும் முதலில் கேழ்வரகுக்கு. 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம், பசும்பாலில் 120 அளவு. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது: சின்னப் பிள்ளை ஒரு நாளில் சாப்பிடுவது 30 கிராம் மாவு என்றால் கிடைப்பது 100 மில்லிகிராம், ஒன்று முதல் மூன்று வயது வரை தேவை 500. மிச்சத்துக்குத் தோலுள்ள எள்ளைப் பொடித்துப் போடுங்கள், பருப்போடு முருங்கைக்கீரையைக் கடைந்து கொடுங்கள், அப்படியும் இடைவெளி இருந்தால் அந்தச் சோயா பால்.

இன்னொன்று, கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து பால் எடுக்கும் பழக்கம் ஆறேழு மாதக் குழந்தைக்குச் சரி. ஒரு வயது தாண்டிய பிறகும் வடிகட்டாதீர்கள், கால்சியத்தில் நல்ல பங்கு தோலில்தான் இருக்கிறது, துணியில் தங்கும் சக்கையோடு அதுவும் போய்விடும். முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்த மாவில் கூழோ களியோ செய்தால் இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே ஒரு துண்டு கொய்யா இருந்தால் இன்னும் நல்லது.

புரதத்துக்கு மல்லாட்டையும் (வேர்க்கடலை) முட்டையும் போதும். மல்லாட்டை முழுசாக வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும், வறுத்து நைசாகப் பொடித்துக் கூழில் கலக்குங்கள். எள், மல்லாட்டை, முட்டை எல்லாமே சிலருக்கு அலர்ஜி தரக்கூடியவை, அதனால் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக ஆரம்பியுங்கள். பி12 கீரையிலும் தானியத்திலும் கிடையாது. முட்டை, மீன், கறி சாப்பிடாத வீடு என்றால் சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

தாய்ப்பால் இருந்தால் இரண்டு வயது வரையாவது நிறுத்தாதீர்கள். அப்புறம் ரஸ்க், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், நமக்குத் தெரியாமல் பால் பவுடர் அதிலும் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்விடும்.