நாய் மாத்திரையை விழுங்கிய இரவில் 1,850 ரூபாயோடு போன நேரம்

நேற்று முன்தினம் இரவு 9.15 மணிக்கு, அம்மாவின் மூட்டுவலி மாத்திரை அட்டை கூடத்தில் குதறிக் கிடந்தது. வெள்ளித்தாளெல்லாம் பல் பட்ட ஓட்டைகள். பத்தில் நான்குதான் மிச்சம். எங்கள் மணி, 12 கிலோ நாட்டு நாய், ஒன்றும் அறியாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

பதற்றத்தில் கைப்பேசியில் தேடியபோது, வீட்டிலிருந்தபடியே கால்நடை மருத்துவரிடம் பேசலாம் என்னும் செயலி ஒன்று கண்ணில் பட்டது. 'அவசர ஆலோசனை, பத்து நிமிடத்தில்' என்ற வரியையும், வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவரின் படத்தையும், அதன் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளியையும் நம்பி, பின்னால் அம்மா அழுதுகொண்டிருக்க, ஒரு நொடிகூட யோசிக்காமல் 1,850 ரூபாய் செலுத்தினேன். நம்பியது என் தவறுதான்.

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. கடைசியில் முகம் காட்டாமல் பேசியவர், என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, நாயின் எடை என்ன என்று எதையுமே கேட்கவில்லை. 'உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவையுங்கள், பிறகு பால் கொடுங்கள்' என்று சொல்லி நான்கே நிமிடத்தில் துண்டித்துவிட்டார். அம்மா உப்பைக் கரைக்கத் தொடங்கியபோது, நாய் வளர்த்துப் பழகிய பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து தம்ளரைப் பிடுங்கிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் நான் கொண்டுபோன அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டார். இபுபுரூஃபென் 400 மில்லிகிராம், ஆறு மாத்திரை, 2,400. பன்னிரண்டால் வகுத்தால் கிலோவுக்கு 200. கிலோவுக்கு 175 தாண்டினாலே சிறுநீரகம் கெட வாய்ப்புண்டாம். அதே மாத்திரையில் இருந்த பாராசிட்டமால் 325 மில்லிகிராம் கல்லீரலுக்குத் தனிக் கேடு. உப்புத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்புவரை கொண்டுபோயிருக்கும், பால் விஷத்தை முறிக்காது என்றார். 'நேரே வந்திருந்தால் பெரும்பகுதியை வாந்தியிலேயே எடுத்திருக்கலாமே' என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரி கொடுத்து, டிரிப்ஸ் ஏற்றி வருகிறார்கள். சிறுநீரகப் பரிசோதனை நாளையும் உண்டு.

அந்த 1,850 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, முதலில் '48 மணி நேரத்தில் தீர்வு' என்று பதில் வந்தது. அடுத்து, 'ஆலோசனை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டதால் பணம் திரும்பாது' என்றார்கள். பேசியவரின் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டேன், 'தனியுரிமை' என்றார்கள். இன்று காலை ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி! 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு நட்சத்திரமும் வேண்டுமாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நாய்க்கு அறிகுறி தெரியட்டும் என்று காத்திராதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள், போகும் வழியில் எண்ணிக்கையையும் எடையையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உப்பு, பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். பதிவு எண் சொல்லாதவருக்குப் பணம் கட்டாதீர்கள்.