இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தும் கட்டம்: ஓர் அரசு மருத்துவமனைச் சேவை பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கென்றே மருந்தாளர்கள் நடத்தும் தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. காலில் இரத்தம் உறைந்து சிகிச்சை பெற்ற நான், அத்தகைய ஒரு பிரிவின் கண்காணிப்பில் இருந்து, அங்குள்ள இரத்தவியல் மருத்துவரின் ஒப்புதலோடு அண்மையில் மருந்தை முழுமையாக நிறுத்தியிருக்கிறேன். இந்த மருந்துகளைத் தொடங்குவது பற்றி எத்தனையோ விளக்கங்கள் கிடைக்கின்றன. நிறுத்துவது பற்றி, அதிலும் தமிழில், பேசுவோர் குறைவு. எனவே அந்தக் கட்டத்தை இப்பிரிவு எவ்வாறு கையாண்டது என்பதையே இங்கு முதன்மையாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கணுக்கால் எலும்பு முறிந்து முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்த காலத்தில் எனக்கு இந்த உறைவு வந்தது. அதே சமயத்தில், மாதவிடாயின்போது ஏற்பட்ட மிகையான உதிரப்போக்குக்காக ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரைகளையும் உட்கொண்டு வந்தேன். அசையாமல் கிடக்கும் கால், ஈஸ்ட்ரோஜன் ஆகிய இரண்டுமே இரத்தம் உறைவதற்கு வழிவகுப்பவை. கட்டுப் பிரித்த பிறகும் வீக்கம் வடியாததால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றேன். அங்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்ததில், முழங்காலின் பின்புறமுள்ள ஆழ்சிரையில் உறைவு இருப்பது தெரிந்தது. அன்றே ஈஸ்ட்ரோஜனை நிறுத்திவிட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். முதல் 21 நாள்களுக்கு 15 மில்லிகிராம் காலையும் இரவும். பிறகு 20 மில்லிகிராம் நாளுக்கு ஒரு வேளை.

மருந்தாளருடனான முதல் சந்திப்பே இந்தச் சேவையின் தரத்தைக் காட்டிவிட்டது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அந்தத் தமிழ் இளம்பெண், பையிலிருந்த ஒவ்வொன்றையும் மேசைமீது எடுத்துவைத்து, வேண்டியவை ஒரு பக்கம், வேண்டாதவை மறுபக்கம் எனப் பிரித்தார். மூட்டுவலிக்கு என் அம்மா வாங்கித் தந்திருந்த மஞ்சள் சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அன்போடு கொடுத்த மூலிகைச் சூப்புப் பொட்டலம், கடையில் வாங்கிய ஐபுபுரொஃபென் எல்லாம் வேண்டாத பக்கம் போயின. “சமையல்ல போடுற மஞ்சளுக்குத் தடையே இல்லக்கா, மாத்திரையா எடுக்குறதுதான் வேணாம். வலிச்சா பாரசிட்டமால் போடுங்க” என்றார். சூப்புப் பொட்டலத்தைத் திருப்பி, அதிலிருந்த சீன எழுத்துகளைச் சக ஊழியர் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லி, அதில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய டாங் குவாய் என்ற மூலிகை இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே வேண்டாம் என்றார். பல இனத்தவரும் அடுத்தடுத்து வாழும் இந்த ஊரில், மூலிகைகளைப் பற்றி இவ்வளவு பொறுமையாக விசாரிப்பது எத்தனை முக்கியம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

கீரை பற்றியும் கேட்டேன். முருங்கைக்கீரையை அறவே விட்டுவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த எச்சரிக்கை வார்ஃபரின் என்ற பழைய மருந்தைச் சார்ந்தது. வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இயங்குவதால், கீரை உண்ணும் அளவு திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவு மாறிவிடும். அதிலும்கூடக் கீரையை விடச் சொல்வதில்லை, ஒரே சீராக உண்ணத்தான் சொல்கிறார்கள். ரிவரோக்சபானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு வேறொரு நிபந்தனை உண்டு: 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடுதான் உட்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடலில் சரிவரச் சேராது. இரவில் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டு, ரொட்டித்துண்டும் தேநீரும் மட்டும் போதாது என்பதை அறிந்து, மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்.

பெண்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரிவரோக்சபான் பலருக்கு மாதவிடாய் உதிரப்போக்கைக் கூட்டிவிடும். எனக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை இருந்தது. அதைக் கட்டுப்படுத்திய மாத்திரையும் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து, அலுவலகத்தில் இருக்கையைவிட்டு எழவே தயங்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தன. இதை ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று நம் பெண்கள் பலர் விழுங்கிக்கொள்வதுண்டு. அந்த மருந்தாளர் தாமாகவே, “பீரியட் எப்படிக்கா இருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருதடவை பேடு மாத்துறீங்க?” என்று நேரடியாகக் கேட்டார். உடனே ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தார். இரும்புச்சத்து குறைந்திருந்ததால் அதற்கு மாத்திரை கொடுத்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்றுவழிகளைப் பேசுவதற்கு மகளிர் மருத்துவப் பிரிவுக்கும் கடிதம் அனுப்பினார்கள். மருந்தை நானாக நிறுத்திவிடாமல் இருந்ததற்கு இந்தக் கேள்வியே காரணம். அங்கு காத்திருந்தபோது என்னிடம் பேசிய ஒருவர், உதிரப்போக்குக்கு அஞ்சி மூன்றாம் வாரத்திலேயே மாத்திரையை விட்டுவிட்டதாகவும், பிறகு நெஞ்சுவலியோடு மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும் சொன்னார். காலிலுள்ள உறைவு நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால், தொடக்க மாதங்களில் மருந்தைப் பாதியில் விடுவது மிகவும் ஆபத்தானது.

இனி, நிறுத்துவது பற்றிய சந்திப்பு. மூன்று மாதச் சிகிச்சை முடியும் தறுவாயில் இரத்தவியல் மருத்துவரைப் பார்த்தேன். மறுபடி எடுத்த அல்ட்ராசவுண்டில் சிரையின் சுவரையொட்டிப் பழைய உறைவின் மிச்சம் தெரிந்ததாக அறிக்கையில் இருந்தது. உறைவு இன்னும் இருக்கும்போது மருந்தை எப்படி நிறுத்துவது என்ற அச்சம் எனக்கு. மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி, முதல் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து விளக்கினார். இந்த மருந்துகள் உறைவைக் கரைப்பதில்லை. அது வளராமலும், புதிதாக உருவாகாமலும் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடலே செய்கிறது. பலருக்கு அது முழுவதும் கரையாமல் தழும்பு போலத் தங்கிவிடும். அது தங்கியிருப்பது மட்டுமே மருந்தைத் தொடர்வதற்குக் காரணம் ஆகாது. எதிர்காலத்தில் அதே காலில் மீண்டும் வலி வந்தால், புதியதையும் பழையதையும் பிரித்தறிய இந்தப் படம் பயன்படும் என்பதால் அதன் அறிக்கையை எனக்கே ஒரு படி கொடுத்தார்.

எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். முதன்மையான கேள்வி, உறைவு ஏன் வந்தது என்பதே. அறுவை சிகிச்சை போன்ற பெரிய, தற்காலிகக் காரணத்தால் வந்தவர்களுக்கு, மருந்தை நிறுத்திய முதல் ஆண்டில் அது திரும்புவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அவர்களுக்கு மூன்று மாதமே போதும். காரணம் எதுவும் தெரியாமல் வந்தவர்களின் நிலை வேறு. 2019-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றின்படி, அவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு முதல் ஆண்டிலும், 25 விழுக்காட்டினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள்ளும், 36 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள்ளும் உறைவு திரும்பியிருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அத்தகையோரிடம் காலவரையின்றி மருந்தைத் தொடர்வது பற்றிப் பேசுகிறார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு ரிவரோக்சபான் 10 மில்லிகிராம் ஒரு வேளை அல்லது அதே வகை மருந்தான அபிக்சபான் 2.5 மில்லிகிராம் இருவேளை எனக் குறைந்த அளவில் தொடரும் வழியும் அவர்களுக்கு உண்டு. என் விஷயத்தில் மாவுக்கட்டும் ஈஸ்ட்ரோஜனும் ஆகிய இரு காரணங்களும் தெளிவாக இருந்தன, இரண்டும் நீங்கியும் விட்டன. மருந்தைத் தொடர்ந்தால் உதிரப்போக்கின் தொல்லை நிச்சயம். நிறுத்தினால் உறைவு திரும்பும் அபாயம் குறைவு. இரண்டையும் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று என்னிடமே கேட்டார். ‘எதற்கும் தொடரட்டும்’ என்று கைகழுவாமல் நோயாளியை முடிவில் பங்கெடுக்க வைத்த இந்த அரைமணி நேரத்துக்காகவே இப்பிரிவை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

நிறுத்தும் முறை நான் நினைத்ததைவிட எளிது. படிப்படியாக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. குறித்த நாளோடு நிறுத்திவிடலாம். ரிவரோக்சபானின் வேலை ஓரிரு நாளில் உடலைவிட்டு அகன்றுவிடும். வார்ஃபரின் என்றால் ஐந்து நாள்வரை ஆகும். கடைசி மாத்திரைக்கான தேதியை மருந்தாளர் அட்டையிலேயே எழுதிக்கொடுத்து, மீதமாகும் மாத்திரைகளை ஊரில் இருப்பவர் யாருக்கும் கொடுத்தனுப்பக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். திருச்சியில் ஒரு திருமணம் இருந்ததால் விமானப் பயணம் பற்றியும் கேட்டேன். நான்கு மணி நேரப் பயணம் என்பது கவனம் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரந்தான். நடைபாதையை ஒட்டிய இருக்கை, அவ்வப்போது எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, அளவெடுத்து வாங்கிய முழங்கால்வரையிலான அழுத்தக் காலுறை எனச் சொல்லி, காலுறையைச் சுருக்கம் விழாமல் அணிவது எப்படி என்று என்னையே போட்டுப் பார்க்கவும் வைத்தார்.

இவ்வளவு சிறப்பாக நடந்த சேவை, கடைசி மாத்திரையோடு முடிந்துவிடுவதுதான் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. மருந்தைத் தொடங்கிய வாரங்களில் மருந்தாளரே தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். நிறுத்திய பிறகு அப்படி ஓர் அழைப்பும் இல்லை, அடுத்த சந்திப்புக்கான தேதியும் இல்லை. கெண்டைக்காலில் இலேசாகப் பிடித்து இழுத்தாலே மறுபடி வந்துவிட்டதோ என்று மனம் பதைக்கும் காலம் அதுதான். உறைவு திரும்புமானால் நிறுத்திய தொடக்க மாதங்களில்தான் வாய்ப்பு அதிகம் என்று அவர்களே சொல்லியிருக்கும்போது, அந்த மாதங்களில் நோயாளியைத் தனியே விடுவது பொருத்தமாக இல்லை. ஒருநாள் மாலை கால் கனத்து வலித்தபோது முன்பு தந்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். உங்கள் பெயர் இப்போது பிரிவின் பட்டியலில் இல்லை, பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள் என்று பதில் வந்தது. பேசியவர் பணிவாகத்தான் பேசினார், ஏற்பாடே அப்படி. மறுநாள் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் பரிசோதித்து, மருத்துவமனைக்கு அனுப்பி, அல்ட்ராசவுண்டில் புதிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பழைய அறிக்கையின் பிரதி அன்று மிகவும் உதவியது. ஆனால் நிறுத்திய ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் தொலைபேசியில் ஒருமுறை விசாரித்தால், நோயாளிக்கும் நிம்மதி, அவசரப் பிரிவுக்கும் சுமை குறையும். இதைக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆபத்தின் அறிகுறிகளை அவர்கள் தெளிவாகவே எழுதிக் கொடுத்தார்கள்: ஒரு கால் மட்டும் வீங்குவது, சூடாகிச் சிவந்து வலிப்பது, இவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் யோசிக்காமல் 995-ஐ அழைக்க வேண்டும். இனி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது என்பதும், எந்த அறுவை சிகிச்சைக்கும் மாவுக்கட்டுக்கும் முன்பு பழைய உறைவைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் இருந்தன. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காத்திருக்கும் நேரம் காலையில் குறைவு, பிற்பகலில் அதிகம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரடியாகத் தனியார் நோயாளியாகச் சென்றால் செலவு கணிசமாகக் கூடும். நாற்காலிகள் தாழ்வாக இருப்பதால் கால் வீங்கியவர்களுக்கு உட்கார்ந்து எழுவது சிரமம்; காலைத் தூக்கி வைக்க ஒரு சிறு முக்காலியாவது அங்கே போடலாம். தமிழ் பேசும் மருந்தாளர் எல்லா நாளும் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் தயங்கும் அம்மா அப்பாவை அழைத்துச் செல்பவர்கள், முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிறுத்தலாமா தொடரலாமா என்று பேசப்போகும் சந்திப்புக்கு மட்டுமாவது, கேட்க நினைப்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.